கிளிப் மாட்டிய விரல்

பேருந்து ஓட்டும்போது கண்ணசந்ததற்காக அவள் கணவனுக்கு வண்டி தராமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடவில்லை என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி ஸ்டியரிங்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்துப் பெண்ணைத்தான் தாங்க முடியவில்லை.

"கையைக் குடுங்க சார்" என்று அவன் விரலைப் பிடித்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பதிவு செய்யும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மெஷினின் கிளிப்பை அந்தப் பெண் மாட்டிக் காட்டினாள். "ராத்திரி பூரா இது விரல்லயே இருக்கணும். கழண்டுச்சுன்னா மறுபடியும் என்கிட்ட வரணும்."

"வந்துட்டாப் போச்சு!" என்று சிரித்தான் அவன். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கும் மனுஷன்!

"பாத்துக்குங்கக்கா."

அவருக்கு சார், நமக்கு அக்காவா?

"பல்லு அத்தனையும் வெளிய தெரிஞ்சுது" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"ஆஸ்பத்திரியில அழுதுகிட்டா இருக்கணும்?"

படுத்ததும் குறட்டை. புரண்டதில் கிளிப் கழன்று விழுந்தது. திரும்ப மாட்டினாள், தூக்கத்திலேயே உதறினான். இன்னொரு தடவையும் உதறினான். நாளைக்கு ரிசல்ட் வாங்குவதோடு முடியாமல், மறுபடி மறுபடி அந்தச் சிரிப்பா? கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் கணினியைப் பார்த்த பெண், "சூப்பர் சார்! ஆக்ஸிஜன் இறங்கவே இல்ல. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் வண்டி எடுக்கலாம்" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. மனைவியின் கண்ணில் வேறு காட்சி ஓடியது. வண்டி நிறைய ஆட்கள். ஸ்டியரிங்கில் சாயும் அவன் தலை. சொல்லாவிட்டால் அது. சொன்னால், இந்தப் பெண் முன்னால் தன் மானம் போகும்.

"அது என் விரல்."

"என்னது?"

"கழண்டுடுச்சு, நான் மாட்டிக்கிட்டேன். நல்லாத் தூங்குனது நான்தான்."

"ஏன்க்கா?"

"இவர் மறுபடி மறுபடி உங்ககிட்ட வரக் கூடாதுன்னு."

அவன் காது சிவந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "டேப் போட்டு ஒட்டணும்னு நான் சொல்லியிருக்கணும். என் தப்பு" என்று ஒரு சுருளை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "இன்னைக்கு ராத்திரி நீங்களே ஒட்டி விடுங்கக்கா."

வெளியே வந்ததும் அவன் அடக்கமாட்டாமல் சிரித்தான். "இந்த மூஞ்சிக்குப் பொறாமைப்படவும் ஒரு ஆளா!"

"சிரிச்சது போதும். நாளைக்கு மெஷினைத் திருப்பிக் குடுக்க நான் மட்டும்தான் வருவேன்."