மீதி ஐந்து வருஷம்

விடிவதற்குள் முதல் வண்டி வந்துவிடும். ஆஸ்பத்திரியின் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக இறங்கும். சீழ், ரத்தம், மருந்து, மூத்திரம் எல்லாம் கலந்த அந்த வாடை முதல் ஒரு வாரம்தான் குமட்டும். அப்புறம் சாப்பாட்டிலும் அதே வாடைதான், பழகிவிடும். சலவைக்கூடத்தில் இருபத்துமூன்று பேர். சலவைச் சோடாத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெந்து, நகம் மஞ்சள் பூத்து, உள்ளங்கையில் ரேகை இருந்த இடம் வழவழத்துப் போன இருபத்துமூன்று பேர். கைரேகை பார்க்கிறவன் வந்தால் தொழிலையே விட்டுவிட்டு ஓடுவான்.

துவைத்த விரிப்பு நீராவி உருளைகளுக்கு நடுவே போய்க் காய்ந்து, மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, முனையை மற்றவளிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு தடவை. பதினோரு வருஷமாக இதைச் செய்கிறவளுக்கு மடிப்பக்கா என்றே பெயராகிவிட்டது. அவளுக்கு எதிர்முனை பிடிப்பவள் இருபது வயதுப் பெண். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள், அதனால் வாலு.

நாலு மாதத்துக்கு முன்னால் பாய்லருக்குப் புது ஆள் வந்தான். அவனைப் பார்த்ததும் மடிப்பக்காவின் கையிலிருந்த முனை நழுவியது. தலை பாதி நரைத்திருந்தது. இருந்தால் என்ன, கோர்ட்டில் கூண்டுக்குள் ஏழு நாள் பார்த்த முகத்தை மறக்க அவள் என்ன கல்லா? அவளுடைய ஒரே தம்பியைக் கொன்றவன் அவன்.

பஸ்ஸில் ஓர் இருக்கை. அதற்குத்தான் சண்டை. இறங்கியும் விடவில்லை இரண்டு பேரும். அப்போது மெக்கானிக்காக இருந்தவன் கையில் ஸ்பானர் இருந்தது, ஓங்கிவிட்டான். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. பாழாய்ப் போன ஓர் இருக்கைக்காக ஓர் உயிர்! அந்த இருக்கை இன்னும் யார் யாரையோ சுமந்துகொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாலே அவளுக்குப் பொறுக்காது.

பதினான்கு வருஷத் தண்டனை. ஒன்பது முடிந்ததும், மீதி ஐந்தை நன்னடத்தையின் பேரில் வெளியே கழிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு புகார் போனால் போதும், மறுபடி உள்ளே. மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரி வந்து, "ஆள் எப்படி?" என்று முதலாளியிடம்தான் கேட்பார். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் எந்த முதலாளி விடுவார்? பாய்லர் வேலையை ஜெயிலிலேயே கற்றுக்கொண்டு வந்தவன், பாதிக் கூலி போதும், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.

மடிப்பக்கா அவனிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "என் கண்ணுல படாத." அவனும் படவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்தான், எல்லாருக்கும் பின்னால் போனான், பாய்லர் அறைக்குள்ளேயே சாப்பிட்டான்.

தம்பி வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நீராவி அடர்ந்து எதிர்ச்சுவர் மறையும் நேரத்தில் வருவான். முதுகுதான் தெரியும். பிடரியைச் சொறிந்துகொண்டு நிற்பான், பொய் சொல்லிவிட்டு நிற்கும்போது செய்வானே, அதே மாதிரி. "என்னடா? ஏதாவது சொல்லேன்டா" என்று அவள் முணுமுணுப்பாள். வாய் திறக்க மாட்டான். அப்படியே கரைந்துபோவான்.

"யார்கிட்டக்கா பேசற?" என்பாள் வாலு.

"உன் வாயை யார் அடைக்கறதுன்னு யோசிக்கறேன். முனையைப் பிடி."

உருளையின் வாயருகே குறுக்கே ஒரு கட்டை உண்டு. தவறிப்போய்க் கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈரத்துணி கனத்து இடித்தாலும் நின்று தொலைத்தது. நின்றால் உள்ளே மாட்டிய விரிப்பு தீய்ந்துபோகும், அதற்குப் பதில் இன்னொன்றைத் துவைக்க வேண்டும், வீட்டுக்குப் போக நேரமாகும். இருபத்துமூன்று பேரும் அந்தக் கட்டையைத் திட்டாத நாளில்லை. ஒருநாள் முதலாளியே வந்து நின்று, "இந்தச் சனியனைக் கட்டிப் போட்டாத்தான் சரிப்படும். ஏதாவது கம்பி இருக்கா?" என்றார்.

டாக்டர்களின் கோட்டு மாட்டும் ஹேங்கர் ஒன்றை எடுத்து, குறடால் வெட்டி, நீட்டி நிமிர்த்திக் கொடுத்தவள் மடிப்பக்கா. முதலாளி தன் கையாலேயே கட்டினார். வாசலில் நின்ற பாய்லர்காரன் மட்டும், "சார், அது வேணாம் சார்" என்றான்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மடிப்பக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அன்றைக்கு எல்லாரும் அரை மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் உருளைக்குள் துணி ஊட்டும் முறை வாலுவுக்கு வந்தது. முதலாளி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை அவள் நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். மடிப்பக்கா சிரிக்கிறாளா என்று பார்க்கத் திரும்பினாள், பாவிப் பெண். விரிப்போடு கையும் போனது.

அந்தக் கூச்சலை எழுத முடியாது. கட்டை அசையவில்லை, கம்பி இறுக்கிப் பிடித்திருந்தது. பாய்லர் அறையிலிருந்து ஓடிவந்தவன் மின்சாரத்தை நிறுத்தினான். நிறுத்தினால் மட்டும் போதாது, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால்தான் கை வெளியே வரும். கொதிக்கிற இரும்பை வெறுங்கையால் பிடித்துச் சுற்றினான். அவனுடைய உள்ளங்கைத் தோல் அந்த உருளையிலேயே ஒட்டிக்கொண்டது.

வாலுவின் நான்கு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியில், அவர்கள் மடித்து அனுப்பிய விரிப்பிலேயே அவள் படுத்துக் கிடந்தாள். தொழிலாளர் ஆய்வாளர் வந்து பார்த்தபோது உருளையில் கம்பி இல்லை, அதற்குள் முதலாளியின் பைக்குள் போயிருந்தது. ஆய்வாளர் கேட்டதற்கு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட கைகளோடு பாய்லர்காரன் ஒருவன்தான் வாய் திறந்து வாக்குமூலம் கொடுத்தான்.

மறுநாள் மதியம் முதலாளி மடிப்பக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காரும்மா" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலி.

"உன் தம்பி விஷயம் இப்பதான் தெரிஞ்சுது. மனசே ஆறல." பச்சைப் பொய். "ஜெயில்ல தொழில் கத்துக் குடுக்கணுமாம், திருத்தணுமாம். படிச்சவங்க பேசறாங்க. ஜெயில் என்ன பள்ளிக்கூடமா? உசிரை எடுத்தவன் உள்ளேயே கெடந்து அனுபவிக்கணும். நீயே சொல்லு, ஒம்போது வருஷம் போதுமா?"

அந்த உள்ளே கற்ற தொழிலைத்தான் மனிதர் பாதி விலைக்கு வாங்கியிருந்தார். ஆனால் மடிப்பக்காவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. போதாது என்றுதான் அவள் மனம் சொன்னது. ஒன்பது என்ன, தொண்ணூறும் போதாது.

"அவன் உன்னை மிரட்டினான்னு இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு. நாளைக்குக் காலையில அதிகாரிங்க வர்றாங்க. மீதி அஞ்சு வருஷம் உள்ள போயிடுவான். அவன் சொன்னதும் அவனோடயே போயிடும்."

"அந்தக் கம்பி, சார்?"

"எந்தக் கம்பி?" முதலாளி சிரித்தார். "கம்பின்னு ஒண்ணு இருந்தா, அதை வெட்டிக் குடுத்தது யாருன்னும் கேப்பாங்கல்ல?"

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். வெளியே வருவதற்குள் கை தானாகவே அதை நான்காக மடித்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகப் பாய்லர் அறைக்குப் போனாள். உள்ளே போகப்போகிறவனை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவன் எழுந்து நின்றான். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"கையெழுத்துப் போடுங்கக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அக்கான்னு கூப்பிடாத. நாக்கை அறுத்துருவேன்."

அவன் பாய்லரோரமாக ஒதுங்கினான். நெருப்பு இரைந்துகொண்டிருந்தது.

"ஒம்போது வருஷம் உள்ள என்னதான் பண்ண?" அவளே கேட்டாள்.

"மொத அஞ்சு வருஷம் கயிறு திரிச்சேன், அடி வாங்கினேன். அப்ப உங்க தம்பி மேலதான் கோவம். அவனாலதான இங்க வந்தோம்னு. பொய் சொல்லல. அப்புறம் பாய்லர்ல போட்டாங்க. நீராவி அழுத்தம் காட்டற இந்த முள்ளு இருக்குல்ல, இதைக் காட்டி, 'நீ கண்ணசந்தா நாப்பது பேர் செத்துருவாங்க'ன்னு சொன்னாரு சொல்லிக் குடுத்தவரு. என்னை நம்பி ஒரு உசிரைக் குடுத்தது அதான் மொதத் தடவை. அப்பதான் நான் எடுத்தது என்னன்னு உறைச்சுது." அவன் குரல் தாழ்ந்தது. "அன்னியிலேருந்துதான் அவன் வர்றான்."

"எவன்?"

"உங்க தம்பி. முதுகைக் காட்டிட்டு நிப்பான். பேச மாட்டான்."

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. அழுகையா ஆத்திரமா தெரியவில்லை. "அவன் என் தம்பிடா! உன்கிட்ட எதுக்கு வர்றான்? உன்கிட்ட என்ன வேலை அவனுக்கு?" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த நிலக்கரிக் கூடையை எட்டி உதைத்தாள். அவன் அசையாமல் நின்றான். கடைசியில் அவளே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். கேட்கக் கூடாது என்றிருந்ததை வாய் கேட்டுவிட்டது.

"கடைசியா ஏதாவது சொன்னானா?"

"இதை யாரும் கேக்கல. போலீஸ் கேக்கல, கோர்ட்டு கேக்கல. ஜெயில்ல ஒரு நாளைக்குப் பத்து தடவை என் நம்பரைத்தான் கேட்டாங்க. விழுந்தவுடனே பயந்துபோய்த் தூக்கி மடியில வெச்சேன். நான்தான் அடிச்சவன்னுகூட அவனுக்கு நினைப்பில்ல. 'எங்கக்காகிட்ட சொல்லிடாதீங்க, திட்டும்'னான். அவ்வளவுதான்."

மடிப்பக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது பொங்கிக்கொண்டு வந்தது. "திட்டித்தான் இருப்பேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "தோலை உரிச்சிருப்பேன்டா உன்னை" என்று இல்லாதவனைத் திட்டினாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதைச் சொன்னதால உன்னை விட்டுருவேன்னு நினைக்காத."

"நினைக்கல" என்றான் அவன்.

மறுநாள் காலையில் முற்றத்தில் மேசை போட்டு ஆய்வாளரும் நன்னடத்தை அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மடிப்பக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். ஆய்வாளர் பாய்லர்காரனின் வாக்குமூலத்தை முதலில் படித்தார். "கம்பியை முதலாளியே கொண்டு வந்தார், அவரே கட்டினார், வேறு யாரும் அதைத் தொடவில்லை" என்றிருந்தது.

மடிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வெட்டிக் கொடுத்ததை வாசலில் நின்று பார்த்தவன் அவன். அவளை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறான். பொய்யென்று தெரிந்தால் அதற்கே அவனை உள்ளே போட்டுவிடுவார்கள். தம்பியைக் கொன்றவன் போட்ட பிச்சையில் அவள் தப்பிப்பதா? செத்தாலும் மாட்டாள்! அது மட்டுமா, நேற்று முழுக்க வாலுவின் கட்டுப் போட்ட கைதான் கண்ணுக்குள் நின்றது.

"அது தப்புங்க" என்றாள். "அந்தக் கம்பியை வெட்டிக் குடுத்தது நான்."

"ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா?" முதலாளி எழுந்துவிட்டார். "மிரட்டின விஷயத்தைச் சொல்லு."

"இவன் என்னை மிரட்டல. என் தம்பியைக் கொன்னான். அதுக்குக் கோர்ட்டு தண்டனை குடுத்துச்சு. மீதி அஞ்சு வருஷத்தை நீங்க உங்க வசதிக்கு எடுத்துக்காதீங்க. அது என் தம்பியோடது." நான்காக மடித்த தாளை, கையெழுத்தில்லாமல், மேசைமேல் வைத்தாள். "நான் குடுத்தேன், நீங்க கட்டினீங்க, இவன் வேணாம்னான். இதான் நடந்தது."

"நீயும் உள்ள போவ, தெரியுமில்ல?"

"போறேன். போய்க் கயிறு திரிக்கறேன். அதனால வாலுவுக்கு விரல் முளைச்சுருமா?" அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "எனக்கு என்ன வேணா எழுதிக்குங்க சார். ஆனா மொதல்ல இதை எழுதுங்க. அந்தக் கட்டையை இனிமே யாரும் கட்டக் கூடாது. வாலு வந்தா ஒரு கையால செய்யற வேலை அவளுக்கு இருக்கணும். அதுவரைக்கும் அந்த உருளையை நான் தொட மாட்டேன்."

சலவைக்கூடத்து ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் சோப்புக் கரைக்கிற கிழவர் தொண்டையைச் செருமினார். "நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு சொன்னது நான்தான் சார்."

"நான் கை தட்டினேன்" என்றாள் ஒருத்தி, அழுதுகொண்டே.

"நான் முந்தாநாள் உங்ககிட்ட ஒண்ணும் தெரியாதுன்னேன். எல்லாம் தெரியும் சார்."

"நானும் உருளையைத் தொட மாட்டேன்."

"யாரும் தொட மாட்டோம்!"

முதலாளியின் முகம் சிவந்தது. "அத்தனை பேரையும் வெளியே அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. பின்னாடி வண்டி வந்து நிக்குது, நூறு மூட்டை. நீங்களே துவைங்க" என்றார் கிழவர். அந்த நேரத்திலும் யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

"எல்லாரும் ஒரே சமயத்துல பேசினா நான் எதை எழுதறது?" ஆய்வாளர் புதுத்தாளை எடுத்தார். "வரிசையா வாங்க." நன்னடத்தை அதிகாரி பாய்லர்காரனின் கோப்பைத் திறந்தபடியே வைத்திருந்தார். என்ன எழுதப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

வரிசை சேர்ந்தது. பாய்லர்காரன் மட்டும் சுவரோரமாக, கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி தனியே நின்றான். தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பழகிப்போனவனின் நிற்பு அது.

மடிப்பக்கா அவனைப் பார்த்தாள். நெஞ்சு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"உன்னை நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அது வேற, இது வேற. பொய்யா எழுதிக் குடுத்ததை வந்து திருத்து. என் பின்னாடி வந்து நில்லு."

அவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது.