ஆல்வின் போட வேண்டிய கையெழுத்து

ஐயாதுரைக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபம்தான் ராஜபாளையத்தில் ஓடிக்கொண்டிருந்த பேண்டேஜ் துணிக் கம்பெனியைக் காவு வாங்கியது. வருஷக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்று அரசாங்கம் கம்பெனியின் பெயரையே பதிவிலிருந்து நீக்கிவிட்டது. தறி ஓடும் ஷெட், அதன் கீழுள்ள நிலம், எல்லாம் கம்பெனி பெயரில். அதை மீட்காவிட்டால் அத்தனையும் கைவிட்டுப் போகும்.

தாக்கல் செய்யாத காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கூட்டாளி ஆல்வினுக்கு ராசியான கை. எந்தக் காகிதமானாலும் அவர் முதலில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஐயாதுரை போடுவார். ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். புதுத் தறி வாங்குவதில் வாய்த்தகராறு முற்றி, ஆல்வின் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். ஆடிட்டர் காகிதம் அனுப்பும்போதெல்லாம், ஆல்வின் வந்து போடட்டும் என்று இவர் எடுத்து வைத்தார். ஐயாதுரை வந்து கூப்பிடட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தார். வீம்பில் வருஷங்கள் ஓடிவிட்டன.

வக்கீல் ஜெபின் லேசாகச் சொல்லிவிட்டார். "சென்னை தீர்ப்பாயத்துல மனுப் போட்டா கம்பெனிய மீட்டுரலாம் அண்ணாச்சி. பங்குதாரர் ஒருத்தர் கையெழுத்துப் போதும்."

போதும்தான். ஆனால் பேனாவைத் திறந்ததும் ஐயாதுரைக்குக் கை வரவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே ஆல்வின் கத்திக் கத்திப் பேசியது, மதியம் ஒரே தூக்குவாளியில் இருவரும் சாப்பிட்டது, கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி ஜாஸ்மின் அனுப்பும் அச்சு முறுக்கு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு காலம் இருந்ததே! மனுவை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கதவைத் திறந்த ஆல்வினுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்லே" என்று பொய் சொன்னார் ஐயாதுரை.

ஆல்வின் கண்ணாடியை மாட்டி மனுவைக் கடைசிவரை புரட்டினார். "ஒரு ஆளு போடத்தான இடம் இருக்கு. பொறவு எதுக்குலே வந்த?"

ஐயாதுரை உண்மையைச் சொல்லிவிட்டார். "கம்பெனி போச்சுன்னு கடுதாசி வந்தன்னைக்கு, ஒன்கிட்ட சொல்லி அழணும்னுதாம்லே தோணுச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

ஆல்வின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்து, "ஏட்டி ஜாஸ்மின், ஐயாதுரை வந்துருக்கான், சோறு எடுத்து வையி" என்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"வக்கீல்ட்ட ரெண்டு பேரு பேரையும் சேத்து டைப் அடிக்கச் சொல்லு. விசாரணைக்கு மெட்ராசுக்கு ஒத்தையிலயா போவ? டிக்கெட்ட ரெண்டா எடுலே."