சொந்த வாக்கியம்

2025 நவம்பர் ஏழாம் நாள், திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி, தானே அமைத்த ஒரு வாக்கியத்துக்காகத் தண்டிக்கப்பட்டாள். அவ்வாக்கியத்தில் பொய் ஏதுமில்லை.

அப்பள்ளியில் காலை வணக்கத்தின்போது நாளுக்கொருவர் மேடையேறி, ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பொருளையும் கூறி, அதைச் சொந்த வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டும். கேட்டவர்கள் கைதட்ட வேண்டும். அன்று கீதாஞ்சலிக்கு வாய்த்த சொல் ‘அடாசிட்டி’. துணிதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. துணிவு என்றும் திமிர் என்றும் பொருள்படும். இதைத் தடுமாறாமல் கூறிவிட்டு, வாக்கியத்துக்கு வந்தாள்.

பௌர்ணமிதோறும் பள்ளி மைதானம் கிரிவலத்துக்கு வருவோரின் வண்டிகளுக்கு வாடகைக்கு விடப்படும். மாணவியர் கழிவறையும் சேர்த்துத்தான். கூட்டம் கலைந்ததும் கழுவ ஆளில்லையென்று அதைப் பூட்டிவிடுவார்கள். திறக்கும்வரை பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. அவள் தோழி உம்மே ஹானி சிறுநீர்த் தொற்றால் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

“பௌர்ணமிக்கு மறுநாள் கழிவறைச் சாவியைக் கேட்க எங்களுக்கு அடாசிட்டி வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள் கீதாஞ்சலி.

ஒருவரும் கைதட்டவில்லை.

தாளாளர் அறிவுச்செல்வனின் அறைக்கு அவளோடு அவள் தந்தை இருசப்பனும் அழைக்கப்பட்டார். பள்ளி வாசலில் சுண்டல் வண்டி நிறுத்துபவர்.

“யாரு எழுதிக் குடுத்தது? டீச்சரா?”

“நானேதான் சார். சொந்தமா சொல்லணும்னுதானே ரூலு?”

“பாத்தியா இருசப்பா, வாய் எவ்ளோ ஜாஸ்தினு!”

“கொழந்த சார். வுட்டுருங்க.”

“கொழந்தயா? திங்கக்கிழம அதே சொல்ல மறுபடி சொல்லட்டும். வாக்கியம் நான் குடுக்கறேன். இல்லனா டீசி வாங்கிக்கோ. கேட்டாண்ட வண்டியும் நிக்காது.”

இருவரும் அடி அண்ணாமலையிலுள்ள தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் இருசப்பன் மகளிடம் கெஞ்சினார். “எனக்காவ சொல்லிடுமா. அந்த வண்டிய வுட்டா நமக்கு இன்னா இருக்குது?”

திங்கட்கிழமை வரிசையில் நிற்கையில் உம்மே ஹானி அவள் காதருகே குனிந்தாள். “சொல்லிடுடி. நான் தண்ணி குடிக்காமயே இருந்துக்கறேன்.”

கீதாஞ்சலி மேடையேறினாள். கையிலிருந்த தாளில் துணிவு என்ற பொருளைத் தாளாளர் கோடிட்டு அடித்திருந்தார். திமிர் மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் அவர் எழுதித் தந்த வாக்கியத்தையும் படித்தாள். “என் பள்ளியை இழிவுபடுத்தும் அடாசிட்டி எனக்கு இருந்தது. மன்னியுங்கள்.”

மைதானம் முழுவதும் கைதட்டியது. ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் உம்மே ஹானியும் தட்டினாள். கழிவறை அன்றும் திறக்கப்படவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள், நாளைக் காலை உங்கள் மகளின் பள்ளிக்குச் செல்லுங்கள். கழிவறைக் கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால், திறக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.