முதலில் உள்ளே போனவர்

கீரமங்கலத்தில் கொப்பரை வியாபாரம் செய்யும் ஆனந்தராஜ் தன் புதுக் கிடங்குக்குள் போனவர், நான்கு வருடம் வெளியே வரவில்லை. வாசல் திறந்துதான் கிடந்தது. அவர் காலை எடுத்து வெளியே வைத்தால் அது கிடங்கின் கடைக்கோடிச் சுவரடியில் போய் ஊன்றியது, அவ்வளவுதான். சுமை தூக்குகிறவர்கள் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்ததால் முதல் வாரம் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை.

காரணம் அவர் மனைவி பிரகதீஸ்வரிக்குத்தான் தெரிந்தது. ஆனந்தராஜ் பார்த்துப் பார்த்து எடுத்த ரேக் ஆழமான வகை. ஒரு பக்கம்தான் திறப்பு. மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகலாம், நடைபாதைக்கு இடம் வீணாகாது. ஆனால் கடைசியாக வைத்ததை எடுத்தால்தான் முந்தியதைத் தொட முடியும். முதலில் போனது கடைசியில்தான் வரும். கிடங்கு இந்த ஒழுங்கை ஆட்களுக்கும் சேர்த்தே வைத்துவிட்டது. வேலையாட்கள் தள்ளுவண்டியை முன்னால் விட்டுப் பின்னால் நுழைந்ததால் மூட்டைக்கு முந்தி வெளியே வந்தார்கள். ஆனந்தராஜோ திறப்பு நாளில் முதல் மூட்டையை முதலாளி என்ற முறையில் முதுகில் சுமந்து போனார். மூட்டை அவருக்குப் பின்னால் நுழைந்தது. அதற்குப் பின்னால் சுற்றுவட்டாரக் கொப்பரை முழுவதும் நுழைந்தது.

ஒரு தடவை அத்தனை மூட்டையையும் ரோட்டில் இறக்கிப் பார்த்தார்கள். அப்போதும் கால் சுவரடிக்கே போனது. உத்தரத்தில் அவருக்குப் பின் நுழைந்த புறாக்கள் இருந்தன. புறாக்களை விரட்டினால் எறும்புகள் இருந்தன. கொப்பரைக் கிடங்கில் எறும்பைத் தீர்த்தவர் எவரும் இல்லை. மூட்டைகளைப் பழைய வரிசையிலேயே திரும்ப அடுக்கினார்கள்.

இதற்கிடையே மகள் அன்புமொழி பிறந்து, அம்மா இடுப்பில் உள்ளே வந்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போகப் பழகினாள். வரும் ஜூனில் பள்ளிக்கூடம். அப்பாதான் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். ஆனந்தராஜ் அதற்குள் சோர்ந்திருந்தார். ரேக் பொருத்துகிற பீட்டரை வரவழைத்து, பாதி உயரத்தில் இரும்பில் ஒரு இடைத்தளம் போட அளவெடுக்கச் சொன்னார்.

"மேல கட்டில் போட்டுக்கிறேன், கீழ சரக்கு கெடக்கட்டும். எனக்கென்ன கொறச்சல்?" என்றார்.

"மாடி போட்டா நீங்க அங்கிட்டே தங்கிருவீங்க," என்றாள் பிரகதீஸ்வரி. அளவு நாடாவை வாங்கிச் சுருட்டிப் பீட்டரிடமே கொடுத்தாள்.

ஆலங்குடி போய்வர அவள் ஏறும் மினி பஸ்ஸுக்கு ஒரே வாசல். முதலில் ஏறியவர் கடைசி சீட்டில் நசுங்கிக் கடைசியில் இறங்குவார். ஒருநாள் அது வராமல் டவுன் பஸ்ஸில் பின்வாசல் வழியாக முதல் ஆளாக ஏறினாள். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கண்டக்டர் சொல்லச் சொல்ல, பின்னால் ஏறியவர்கள் தள்ளத் தள்ள, முன்வாசலுக்கு வந்து முதல் ஆளாக இறங்கினாள். நேரே பீட்டரிடம் போய், இந்த மாதிரி ரேக் உண்டா என்று கேட்டாள்.

"இருக்குங்க. சாய்வா உருளை வச்சது. பின்பக்கமும் ஒரு வாசல் வேணும், சரக்கும் கம்மியாத்தான் புடிக்கும்."

"ஆளு வெளிய வந்தாப் போதும்."

பின்சுவரை உடைத்து ஷட்டர் வைத்தார்கள். பழைய ரேக்குகளிலேயே உருளைகளைச் சாய்வாகப் பொருத்தினார்கள். போல்ட் போட்டு இறுக்கியிருந்ததால், ஆனந்தராஜுக்கு முந்தியே உள்ளே போன ரேக்குகளைக் கிடங்கு சரக்காக எண்ணாமல் சுவராகவே எண்ணியது. கடைசியாக உள்ளே போனவர் இனி கடைசியில்தான் வர முடியும் என்பதால், கடைசி உருளையைப் பீட்டர் எச்சரிக்கையாக வெளியே நின்றபடியே மாட்டினார். ஆனந்தராஜ் காலை எடுத்து வைத்தார். அது ரோட்டில் ஊன்றியது. அவருக்குப் பின்னால் முதல் மூட்டையும் அதற்குப் பின்னால் எறும்புகளும் வந்த வரிசைப்படி வெளியே வந்தன. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அன்புமொழி அவர் விரலைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது பின்வாசலில் வெளியே நின்று மூட்டையை ஏற்றுகிறார்கள். அது தன் எடையாலேயே உருண்டு முன்வாசலுக்கு வருகிறது. முதலில் வைத்தது முதலில் வருகிறது. உள்ளே யாரும் போவதில்லை.