ஒரு கட்டுப் பீடி

சவப்பெட்டியில் கிடந்த தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நிரஞ்சனியிடம் சித்தப்பா ஒரு கட்டுப் பீடியை நீட்டினார்.

"இந்தாம்மா, மூடுறதுக்குள்ள நடராஜா கையோரமா வச்சிரு. சாராயப் போத்தல குழியில வச்சுக்கலாம்."

செத்தவருக்குப் பிடித்ததைக் கூடவே அனுப்புவது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வழக்கம். அதுதானே அவனைக் கொன்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நிரஞ்சனிக்கும் வாயில்லை.

தலைமாட்டில் தம்பி மனைவி கமலாட்சி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "மூணு மாசம் தொடாம இருந்த மனுசன! கூரை ஒழுகுதுன்னு கத்துனேனே பாவி! அந்தக் கோவத்துலதான போய்க் குடிச்சாரு. நாந்தான் கொன்னுட்டேன்."

"அப்பன் ரத்தம்டி, நீ என்னா செய்வ?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்பாவும் இப்படித்தான் இரத்தமாக வாந்தியெடுத்துப் போனார். ஆனால், அதே இரத்தம் நிரஞ்சனிக்குள்ளும் ஓடுகிறதே! சின்ன வயதில் அப்பா கட்டிலில் கிடந்தபடி, "பீடியப் பத்தவச்சுட்டு வா" என்பார். அடுப்பில் காட்டி, வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும். அவளுக்குக் குமட்டும். "நீ போடா" என்று தம்பியைத் தள்ளிவிடுவாள். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. சந்தோஷமாக ஓடுவான்.

மூன்று மாதம் முன் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். "இந்தப் பழக்கம் ரத்தத்துல பாதி, வளந்த வீட்டுல பாதி. குடியையும் பீடியையும் ஒண்ணா விடணும். ஒண்ண வச்சுக்கிட்டா அது மத்தத இழுத்துட்டு வந்துரும்."

கூட நின்று கேட்டவளே நிரஞ்சனிதான். கேட்டு என்ன பிரயோசனம்? "குடியத்தான் விட்டுட்டேன்ல, ஒரு பீடி வாங்கித் தாக்கா" என்று போன வாரம் அவன் கெஞ்சியபோது மனம் இளகிவிட்டது. பீடிதானே, சாராயமா என்று உக்குவளைக் கடையில் ஒரு கட்டு வாங்கி அவன் பையில் திணித்தாள்.

நாலாம் நாள் போன் பண்ணினான். "பீடி குடிச்சா வாய் அதையும் கேக்குதுக்கா. நேத்துக் கொஞ்சம் போட்டுட்டேன். கமலாகிட்டச் சொல்லிராத."

கூரைச் சண்டை அதற்கு மறுநாள்தான் நடந்தது.

"நேரமாகுதும்மா" என்றார் சித்தப்பா.

நிரஞ்சனி கமலாட்சியின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போனாள்.

"நீ கத்துனதுனால இல்ல புள்ள. அதுக்கு ரெண்டு நாள் முந்தியே குடிச்சிட்டான். எங்கிட்டச் சொன்னான். நான் வாங்கிக் குடுத்த பீடியிலதான் திரும்ப ஆரம்பிச்சுச்சு. ஒங்கிட்ட மறைச்சிட்டேன்."

கமலாட்சியின் அழுகை நின்றது. நிரஞ்சனியின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி..." என்றாள்.

நிரஞ்சனியின் விரல்களைப் பிரித்துப் பீடிக்கட்டை எடுத்தாள். அடுப்புக்குள் வீசிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாவு வீடு, நேற்றிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. பீடிக்கட்டு நூல்கூட அவிழாமல் சாம்பல் மேல் கிடந்தது.