அ. கஸ்தூரி, த/பெ அப்பாவு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது உத்தமன். ஆவடி பேக்டரியில் இருப்பது பாஸ்கரன். பாஸ்கரன் என்பது என் கூடப்பிறந்த அண்ணனின் பெயர். அண்ணன் எழுபத்திரண்டாம் வருஷமே செத்துப்போய்விட்டான்.

கேட்கிற உங்களுக்குத் தலை சுற்றினால் தப்பில்லை. ரேஷன் கார்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கே சுற்றும். குடும்பத் தலைவர் பாஸ்கரன், த/பெ அப்பாவு, மனைவி கஸ்தூரி என்று அதில் எழுதியிருக்கும். அப்பாவு என் மாமனார் இல்லை, என்னைப் பெற்ற அப்பா. அந்த அட்டையை நம்பினால் நான் என் அண்ணனுக்கே வாழ்க்கைப்பட்டவள்.

நடந்தது இதுதான். எங்களுக்குத் திருமுல்லைவாயில். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து வைத்திருந்தான். மஞ்சள் காமாலை வந்து ஒன்பதே நாளில் வீட்டிலேயே போய்விட்டான். அவன் போன பதினோராம் நாள், பேக்டரியில் அடுத்த மாதக் கடைசியில் இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் காட்டுப்பாக்கத்துக்குப் போய்த் தன் அக்கா மகன் உத்தமன் கையில் அதையும் அண்ணனுடைய சர்ட்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டு வந்தார். உத்தமன் மாமா அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். வேலை கிடைத்தால் என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. எனக்கு அப்போது பதினைந்து வயது, ஒன்பதாவதில் முதல் ரேங்க். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவுமில்லை.

சர்ட்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்று ஒரு இடம் உண்டு. இடது முழங்காலுக்குக் கீழே தீப்புண் தழும்பு என்று அண்ணனுக்குப் போட்டிருந்தது. மாமாவின் காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் துண்டை வாயில் கடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். இரும்புக் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி அப்பா கையில் கொடுத்தது நான்தான். அந்த நாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதோடு அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் நின்றுபோனது. சுவரில் படம் மாட்டவில்லை. அப்பா தெருவில் வீடு வீடாகப் போய்க் கைகூப்பினார், ஊரும் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது. தினமும் ஷிப்டுக்குப் போய்வருகிற ஆளுக்கு யார் திதி கொடுப்பார்கள்? ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் அங்கே போன பிறகு, அக்கம்பக்கத்தில் எல்லாரும் மாமாவைப் பாஸ்கரன் என்று கூப்பிட்டார்கள். மதுரைக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களுமாக இருந்த அந்தத் தெருவில் யாருக்கும் எங்கள் ஊர்க்கதை தெரியாது. முதலில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அண்ணன்தான் வருகிறானோ என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது, அல்லது பழகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

எண்பத்தெட்டில் எங்கள் மகள் வரலட்சுமி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு நோட்டை எட்டிப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பால்வாடிக்கு ஆயாவாகப் போகலாம், டீச்சராகப் போகவேண்டுமானால் பத்தாவது வேண்டும் என்றார்கள். பிரைவேட்டாக எழுதலாம், அம்பத்தூரில் மத்தியானம் டுடோரியல் நடக்கிறது என்றும் தெரிந்தது. வேண்டியது ஒன்றுதான், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்காமலே விட்டுவந்த டி.சி. அதில் என் பெயர் அ. கஸ்தூரி, த/பெ அப்பாவு என்றிருக்கும்.

மாமாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"வாணாம் கஸ்தூரி. பேப்பர்னு ஒண்ணு வெளிய போனா அது சும்மா கெடக்காது. ஊரெல்லாம் சுத்திகினு நம்ம ஊட்டுக்கே வரும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உங்கள் வேலைக்காகத்தானே என் படிப்பை நிறுத்தினீர்கள், இன்னும் எத்தனை வருஷம் நான் விறகுக்கட்டை மாதிரி அடுப்பங்கரையில் கிடக்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை. அஞ்சாம் நாள் அவரே இறங்கி வந்தார். டி.சி.யை வாங்கினோமா வந்தோமா என்றிருக்க வேண்டும், யாரிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அதற்கும் எரிந்து விழுந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பழைய கிளார்க் கோதண்டம் சார்தான் இருந்தார். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், எங்கள் ஊர்க்காரர் இல்லை. தலை நரைத்துவிட்டது. பெரிய அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டி, விரலால் வரிவரியாகத் தேடினார். என் பெயரில் விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அட, பாஸ்கரன் தங்கச்சியா நீ? உங்க அண்ணன் எப்டிம்மா இருக்கான்?"

நல்லா இருக்கார் சார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பதினாறு வருஷமாக என்னைப் பாஸ்கரன் பெண்டாட்டி என்று ஆயிரம் பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், பாஸ்கரன் தங்கச்சி என்று ஒருத்தர்கூடக் கூப்பிட்டதில்லை. என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் செத்துட்டான் சார் என்று சொல்லி, அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாவம், அந்த மனுஷர் பதறிப்போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பிறகு டி.சி. எழுதி, ரிஜிஸ்டரில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மையைத் தொட்டு அண்ணன் பெயருக்கு நேரே, 'காலமானார். தகவல்: தங்கை கஸ்தூரி' என்று எழுதினார். ஒழுங்கான மனுஷர், எதையும் பதிவில்லாமல் விடமாட்டார்.

அப்போதே தடுத்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருந்தது. உலகத்தில் ஒரு இடத்திலாவது அவன் செத்தது எழுதியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன். மாமாவிடம் நான் மூச்சு விடவில்லை.

அடுத்த ஏழெட்டு மாதம் மாதிரி சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. டுடோரியலில் என்னைவிடச் சின்னப் பசங்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டு அல்ஜீப்ரா கேட்பார்கள். அரையாண்டுப் பரீட்சை மாதிரி ஒன்று வைத்ததில் கணக்கில் எண்பத்தேழு வாங்கினேன். பரீட்சைக்குப் பணம் கட்டி, போட்டோ ஒட்டி அனுப்பியாயிற்று. வரலட்சுமிக்கு ஒரே பெருமை. தூங்கும்போதுகூட நான் சூத்திரம் சொல்கிறேன் என்று மாமா கேலி செய்வார், கேலி செய்துவிட்டு ஏனோ வாசலைப் பார்ப்பார்.

ஜனவரியில் ஒருநாள் வேலைவிட்டு வந்தவர், வேறு செக்ஷனில் இரண்டு பேர் போலி சர்ட்டிபிகேட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்றார். எழுபத்திரண்டில் சேர்ந்த எல்லாருடைய பள்ளிக்கூடத்துக்கும் பேக்டரி லெட்டர் போடுகிறதாம். சொல்லிவிட்டு அவரே, நம்முடையது அசல் சர்ட்டிபிகேட்தானே, பள்ளிக்கூடத்தில் பாஸ்கரன் படித்தான் என்றுதானே எழுதுவார்கள் என்று எனக்குத் தைரியம் சொன்னார். நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருந்தேன். போதும் போதும் என்று அவர் கையைக் குறுக்கே நீட்டியதுதான் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு எழுத்து ஓடவில்லை. புத்தகத்தை விரித்தால் சிவப்பு மைதான் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சட்டையைக் கழற்றும்போது முகத்தைப் பார்ப்பேன், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். கோதண்டம் சார் லீவில் போயிருக்கக்கூடாதா, அந்த ரிஜிஸ்டரைக் கரையான் தின்னக்கூடாதா என்றெல்லாம் வேண்டிக்கொண்டேன். பிப்ரவரி போயிற்று. ஹால் டிக்கெட் வந்தது. மார்ச்சில் மெமோவும் வந்தது.

இங்கிலீஷில் இருந்த மெமோவை அவரால் படிக்க முடியாது. நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். மேற்படி பாஸ்கரன் இறந்துவிட்டதாக அவரது தங்கை கஸ்தூரி தெரிவித்திருப்பதாகப் பள்ளிப் பதிவேடு கூறுகிறது. வியாழக்கிழமை விசாரணை. மனைவியையும் அழைத்து வரவேண்டும். எனக்கு அதற்கடுத்த திங்கட்கிழமை தமிழ் முதல் தாள்.

அவர் கத்துவார், அடித்தாலும் அடிப்பார் என்று காத்திருந்தேன். தரையில் உட்கார்ந்து வெகுநேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன் மாமா."

"அயுதியா?"

"அழுதேன்."

"நானும் ஒரு தபா அயணும்னு நெனச்சிகினுதான் கீறேன்," என்றார். "அவன் என் கூட்டாளிமே. நான் எங்க போயி அயறது?"

அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். இது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். நிரூபணமானால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், ஏமாற்றிய குற்றத்துக்கு ஜெயில். தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ரிஜிஸ்டரில் இருக்கிற கஸ்தூரி நானில்லை என்று சாதிக்க வேண்டும். நான் அவன் தங்கை இல்லையென்றால், செத்துட்டான் என்றது யாரோ சொன்ன பொய்யாகிவிடும், இவர் பாஸ்கரனாகவே இருந்துவிட்டுப் போகலாம். என் டி.சி.யும் ஹால் டிக்கெட்டும் வீட்டில் இருக்கக்கூடாது. புதன்கிழமை வெந்நீர் அடுப்பில் முதலில் அவற்றைப் போட்டேன், அப்புறம் நோட்டுகளை, அப்புறம் புத்தகங்களை. அந்தத் தண்ணீரில்தான் மாமா குளித்தார்.

விசாரணை அறையில் ஒரு அதிகாரி, எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா, ஓரமாக ஒரு நாற்காலியில் கோதண்டம் சார். மடியில் துணிப்பைக்குள் அந்த ரிஜிஸ்டர். அவரையும் வரச்சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் கண் என் முகத்திலேயே நின்றது.

மாமாவின் கால் தழும்பைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறந்த தேதியைக் கேட்டார்கள், அண்ணன் பிறந்த தேதியைத் தடுமாறாமல் சொன்னார். அடுத்து அதிகாரி என் பக்கம் திரும்பினார். திருமுல்லைவாயிலில் படித்த கஸ்தூரி நீங்கள்தானா என்றார். இல்லை என்றேன். அது வேறு கஸ்தூரி, எங்களுக்கு ஆகாத பங்காளி வீட்டுப் பெண், அவள் அப்பா பெயரும் அப்பாவுதான், பகையில் பொய் சொல்லியிருக்கிறாள் என்று வீட்டில் பேசி வைத்தபடி சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை வாங்கி, டி.சி. பெற்றுக்கொண்டதற்கு நான் போட்ட கையெழுத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினார்.

"உங்க கையெழுத்தப் போடுங்கம்மா. ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

இதை நாங்கள் யோசிக்கவில்லை. பேனாவை எடுத்துவிட்டேன். மாற்றிப் போடலாம் என்று பார்த்தால் என் கைக்கு ஒரே கையெழுத்துதான் தெரியும். மாமா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைத்தேன்.

"எனக்குக் கையெழுத்து போட வராது சார். நான் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல."

அதிகாரி கோதண்டம் சாரைப் பார்த்து, டி.சி. வாங்கவந்த பெண் இவர்தானா என்று கேட்டார். அவர் எழுந்து என் அருகே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அழுதபோது அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்த முகம் இது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணு சார்," என்றார். "இது அவ இல்ல."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

அதிகாரிக்கும் சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது. குமாஸ்தா என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று விதியாம். மணி பன்னிரண்டரை, அவருக்குச் சாப்பாட்டு அவசரம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தார். நான் ஒன்றும் புரியாதவள் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ரேகை வைக்கத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தபோதுதான், நடுவில் ஒரு வரியை அவர் வாசிக்காமல் தாண்டியிருந்தது தெரிந்தது. 'எனக்கு உடன்பிறந்த சகோதரர் எவரும் ஒருபோதும் இருந்ததில்லை.'

அதைப் படித்துவிட்டுத்தான் நான் கட்டைவிரலை மையில் ஒற்றினேன்.