பேச்சிக்கு அரை டிக்கட்

டிக்கட்காரன் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு இரண்டு சீட்டைத்தான் கிழித்தான். கார்னிவல் வாசலில் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காது மறைய மஃப்ளர் சுற்றியிருந்தான். நான் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். என் பெண்டாட்டி அழகம்மா நகரவில்லை. பின்னால் நிற்கிற சனம் முதுகில் முட்டுகிறது, இவள் கூண்டின் ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். கையில் ஒரு இருபத்தைந்து சதம்.

“புள்ளைக்கும் ஒண்ணு குடுங்க. அரை டிக்கட்டு.”

அவன் எட்டிப் பார்த்தான். பேச்சி என் இடுப்பில் இருந்தாள். “பொடி பபாட டிக்கட் ஓன நே” என்றான். சின்னப் பாப்பாவுக்கு டிக்கட் வேண்டாமாம்.

“மூணு வயசுக்கு மேல அரை டிக்கட்டுன்னு சொன்னாங்களே. இவளுக்கு மூணரை ஆச்சுங்க.”

அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவனும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு எங்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே, “ஒண்ணரைன்னு சொல்லு, நம்புறேன். போ, போ” என்று கையை வீசினான்.

எனக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோஷம். கந்தப்பளையில் பஸ் ஏறியதிலிருந்து நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். ‘ரெண்டரைங்க, வர்ற ஐப்பசி வந்தா மூணு’ என்று முகத்தைப் பாவமாக வைத்துச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை கூடப் பார்த்திருந்தேன். அந்தப் பொய்க்கு வேலையே வைக்காமல் விட்டுவிட்டான் மகராசன். “ஓசியில விடுறான், வாடி” என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “ஊரு ஒலகத்துல எவளாச்சும் காசு குடுத்தே தீருவேன்னு மல்லுக்கு நிப்பாளா? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?”

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பார்வையை அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து என்ன புண்ணியம்?

அது ஐம்பத்தைந்தாம் வருசத்துச் சித்திரை. வருசப் பிறப்புக்குத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு நாள் லீவு. நுவரெலியாவில் அந்த மாசம்தான் சீசன், கொழும்புக்காரர்கள் கார் காராக வந்து இறங்குவார்கள். அவர்களுக்காகப் போட்ட கார்னிவலுக்கு நாங்களும் போனோம். நாங்களாகப் போனோம் என்று சொல்லக் கூடாது. பேச்சி இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைக்காம்பராவில், அதுதான் கொழுந்தெடுக்கப் போகும் பொம்பிளைகள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அறை, அங்கே யாரோ மரக்குதிரை சுற்றுகிறது, பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ‘குருத, குருத’. சோறு ஊட்டினால் குருத, தூங்கப் போட்டால் குருத. நான் நாலு காலில் நின்று அவளை முதுகில் ஏற்றி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைச் சுற்றினேன். இரண்டு சுற்று வந்ததும், “இது அப்பா. குருத இல்ல” என்று இறங்கிவிட்டாள். நாக்கு மட்டும் நீளம். வளராததெல்லாம் அந்த நாக்கில் வளர்ந்துவிட்டது.

வளராதது என்று நான் இப்போது சொல்கிறேன். அப்போது அந்தப் பேச்சை என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் காம்பராவின் கதவு நிலையில் அழகம்மா கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். மாதம் ஒருமுறை பிள்ளையை நிறுத்தி, தலையில் உள்ளங்கையை வைத்து, “நிமிந்து நில்லு கண்ணு” என்று சொல்லி ஒரு கோடு. தீபாவளிக் கோட்டுக்கும் அந்தச் சித்திரைக் கோட்டுக்கும் நடுவில் ஒரு நெல்லு மணி நிற்கும், அவ்வளவுதான். டிஸ்பென்சர் ஐயாவிடம் இரண்டு தடவை தூக்கிப் போனாள். அவர் பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் இந்த ஒசரம்தான். வயசுக்கு வந்தா வளந்துரும்” என்று சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்து அனுப்பினார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். “ஐயாவே சொல்லிட்டாருல்ல?” அவள் பிடித்துக்கொள்ளவில்லை. எங்களைத் தெரியாத ஒருத்தன், வெளியாள் ஒருத்தன், பிள்ளையைப் பார்த்து, ‘இதுக்கு மூணு வயசு தாண்டிருச்சு, காசை வை’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த இருபத்தைந்து சதம். அந்த அரைச் சீட்டுக்காகத்தான் அவள் கார்னிவலுக்கே சம்மதித்தாள். நான் ஓசி என்று பல்லைக் காட்டினேன்.

உள்ளே ஒரே இரைச்சல். இங்கிலீசுப் பாட்டு, வளையம் எறிகிறவன் கூப்பாடு, பெட்ரோல் வாசம், மண்ணெல்லாம் சகதி. மூடுபனி இறங்கி, இராட்டினத்தின் உச்சிப் பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே போகிறவர்கள் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என் காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் குதிரைக்கு வழி காட்டினாள்.

குதிரைகள் நல்ல குதிரைகள்தான், அதில் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளை, கறுப்பு, தவிட்டு நிறம், எல்லாவற்றுக்கும் தங்க வர்ணத்தில் கடிவாளம். ஏறுகிற படிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை நட்டு, அதில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. அதன் பக்கத்தில் தொப்பி வைத்த ஒருவர் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, தலை கோட்டைத் தொட்டால் ஏற்றிவிட்டார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற கோட்டு சூட்டு ஆள் திரும்பினார். பார்த்தால், எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையா சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து வெளிவேலை முழுக்க அவர் கைக்குள். எனக்குத் தன்னால் கை தலைக்குப் போய்த் தலைப்பாகையை உருவியது. பக்கத்தில் அவர் சம்சாரம் குணபூசணி அம்மா. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மகன் துரைராசா. துரையும் வேண்டும் ராசாவும் வேண்டும் என்று வைத்த பேர். சிவப்புக் கம்பளிச் சட்டை, முழங்கால் வரை சப்பாத்து. நின்றால் என் இடுப்புக்கு வந்தான்.

இந்தப் பையனும் என் மகளும் ஒரே கிழமையில், ஒரே வாரத்துக்குள், பிறந்தவர்கள். ஐப்பசி அடைமழை. அவன் செவ்வாய், இவள் வெள்ளி.

சொல்லித்தான் ஆக வேண்டும். குணபூசணி அம்மாவுக்குப் பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சல் கண்டு, மாசக் கணக்கில் படுக்கை. பால் இல்லை. டின் பால் கொடுத்தால் பிள்ளை கக்கியது. கண்டாக்கையா ஒரு நாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். எனக்கு அன்று உச்சி குளிர்ந்து போனது. அழகம்மாவைக் கேட்காமலே, “அதுக்கென்னங்கையா, அனுப்புறேன்” என்றேன். அவள் முதலில் சிரித்தாள். “ஆண்டவன் ரெண்டு குடுத்திருக்கான், ஆளுக்கு ஒண்ணு” என்றாள். தினம் காலையும் மாலையும் கண்டாக்கையா வீட்டுப் பின்வாசலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அவர்கள் கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பிள்ளைக்கு முதலில். எங்கள் பிள்ளை விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் சாக்கில் கிடந்து கத்தும். அடுக்களைக்குள் அழகம்மாவை விடமாட்டார்கள். பாலுக்கு மட்டும் சாதி பார்க்கவில்லை. மாட்டுக்குப் பார்க்கிறோமா என்ன? ஏழு மாசம் அப்படிப் போனது. அவன் கையும் காலும் மினுமினுவென்று ஆனான். பிறகு அழகம்மாவுக்குப் பால் வற்றிப் போனது. பேச்சிக்குக் கஞ்சித் தண்ணி.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்க மாட்டீர்களா? நான் அதுவரை மழையிலும் பனியிலும் நின்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினவன். கண்டாக்கையா சொல்லி என்னை ஸ்டோருக்குள், அதுதான் தேயிலைத்தூள் ஆக்குகிற ஆலைக்குள், எடுத்தார்கள். கொழுந்து வாட்டுகிற மேல்மாடி. அடுப்புச் சூடு மேலே வந்து கதகதவென்று இருக்கும். அந்தச் சூட்டில் மூன்று வருசம் சுகமாக நின்றேன்.

“அட, அழகம்மா! நீயும் வந்தனியோ?” என்றார்கள் குணபூசணி அம்மா. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் கேட்டார்கள். கெட்ட மனுசி இல்லை. அதற்குள் துரைராசா கட்டையில் போய் நின்றான். தலை கோட்டுக்கு மேல் நாலு விரல். தொப்பிக்காரர் தூக்கி வெள்ளைக் குதிரையில் வைத்தார்.

அடுத்தது பேச்சி. நான் இறக்கிவிட்டேன். தானே ஓடிப் போய்க் கட்டையில் முதுகை ஒட்டி நின்றாள், வீட்டில் பழகினவள்தானே. அழகம்மா குனிந்து, “நிமிந்து நில்லு கண்ணு” என்றாள். நின்றாள். கழுத்தை எக்கி, தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சாண் மரம் தெரிந்தது.

தொப்பிக்காரர் நல்ல மாதிரி. “வேணாம் தங்கச்சி, போன கிழம ஒரு சின்னப் புள்ள வுழுந்துருச்சு. இதுக்கு ரெண்டு வயசு கூட இருக்காதே. அடுத்த வருசம் கூட்டி வாங்க” என்றார்.

“ரெண்டும் ஒரே கிழமையில பொறந்ததுங்க” என்றாள் அழகம்மா, குதிரையில் இருந்தவனைக் காட்டி.

அவர் குதிரைப் பக்கம் பார்த்தார், கட்டைப் பக்கம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

குணபூசணி அம்மாவும் அப்போதுதான் பேச்சியைச் சரியாகப் பார்த்தார்கள். “ஐயோ, உவள் பேச்சியெல்லே? இன்னும் உப்பிடியே இருக்கிறாள். என்ன அழகம்மா, பிள்ளைக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?”

மறந்துதான் கேட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய விசயம்.

“குடுத்தேங்கம்மா” என்றாள் அழகம்மா. குரலை உயர்த்தவில்லை. “மொதல்ல தம்பிக்குக் குடுத்தேன். மிச்சம் இருந்தத இவளுக்குக் குடுத்தேன்.”

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. கண்டாக்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, விடும். சனம் பாக்குது” என்றார் சம்சாரத்திடம். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக, ஒரு சொல் சொல்லவில்லை. முறைக்கக்கூட இல்லை. நான்தான் முந்திக்கொண்டேன். எனக்கு அந்த மேல்மாடிச் சூடு கண் முன்னால் வந்து நின்றது. தலைப்பாகைத் துணியைக் கையில் கசக்கிக்கொண்டு, “மனசுல வச்சுக்காதீங்கம்மா. இவளுக்கு ரெண்டு நாளா காய்ச்சலு. ஏதோ ஒளர்றா. தம்பி மகராசனா இருக்கணும்” என்றேன். முதுகு தன்னால் வளைந்தது. ச்சீ, என்ன பிழைப்பு!

குதிரைகள் சுற்ற ஆரம்பித்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் துரைராசா எங்கள் பக்கம் வரும்போது பேச்சியைப் பார்த்துக் கையை ஆட்டினான். பேச்சியும் ஆட்டினாள். கட்டையை விட்டு நகரவில்லை. அழகம்மா அவளைத் தூக்கிக்கொண்டபோதும் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு பஞ்சுமிட்டாயை வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் ஓரம் அழகம்மா, பக்கத்தில் நான். ஹாவாஎலிய தாண்டி மேட்டில் பஸ் முக்கிக்கொண்டு ஏறும்போது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“ஸ்டோருக்குள்ள குளிராதுல்ல?”

பஸ் கண்டக்டர் வந்தான். “கந்தப்பளை ரெண்டரை” என்று காசை நீட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். “ரெண்டு போதும். சின்னப் புள்ளைக்கு எதுக்கு டிக்கட்டு?” என்றான்.

“மூணரை வயசுப்பா” என்றேன். “அரை டிக்கட்டு கிழி.”

அவன் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பான். சிரித்துக்கொண்டே மிச்சக் காசை என் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

பேச்சி மடியில் உட்காரவே மாட்டேன் என்றாள். எங்கள் சீட்டுக்கு முன்னால் இருந்த கம்பத்தில் முதுகை ஒட்டி, கையை இரண்டு பக்கமும் விறைப்பாக வைத்து, தாடையைத் தூக்கி நின்றாள். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. அவளும் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தாள்.

“அப்பா, இப்ப எட்டிருச்சா?”

அழகம்மா அவளை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கந்தப்பளை வருகிற வரைக்கும் அவள் குதிகால் இரண்டும் தரையில் படவில்லை.